கப்பல் எலியும் தச்சர் உளியும்

துறைமுகத்தில் நிற்கும் கப்பலைக் கரையோடு பிணைக்கும் வடங்களில் வட்டமான தகரத் தட்டுகள் செருகியிருப்பதைப் பார்க்கலாம். எலி கப்பலுக்குள் ஏறாமலும், கப்பலிலிருந்து கரைக்கு இறங்காமலும் இருக்க வைத்த தடுப்பு அது. அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறையினர் அதற்கு 36 அங்குல விட்டம் வேண்டும் என்று வைத்தார்கள். கறுப்பு எலி கழைக்கூத்தாடிக்கு இளைத்ததல்ல, தொங்கும் வடத்தில் தடுமாறாமல் நடந்துவிடும். ஆனால் அகன்ற தட்டு குறுக்கே நின்றால் அதைச் சுற்றிப் போக அதற்குப் பிடிப்புக் கிடைக்காது. தட்டின் நடு ஓட்டைக்கும் வடத்துக்கும் இடையே சந்து இருந்தால் கந்தலைத் திணித்து அடைக்க வேண்டும். இரண்டு வடங்கள் நெருங்கி ஓடும் இடத்தில் ஒன்றுக்கு மட்டும் தட்டு மாட்டினால் எலி மற்றொன்றில் ஏறிவிடும். இவ்வளவு எளிய பொருளுக்குப் பின்னால், எலியைக் கொல்வதா, இடம் கொடாமல் இருப்பதா என்ற நீண்ட வழக்கு ஒன்று உண்டு. கப்பலைப் பொறுத்தவரை அந்த வழக்கில் வென்றது நஞ்சைவிடத் தச்சு வேலைதான் என்பது என் கட்சி.

எலி கப்பலில் ஏறுவது புதிதில்லை. அது அரசுகளின் கவலையானது 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில். 1894-இல் ஹாங்காங்கிலும் 1896-இல் பம்பாயிலும் பிளேக் பரவியது. கிருமியை ஹாங்காங்கில் யெர்சின் அடையாளம் கண்டார். எலியிடமிருந்து எலிக்கு அதைக் கடத்துவது தெள்ளுப்பூச்சி என்பதை 1898-இல் கராச்சியில் சிமோன் சோதித்துக் காட்டினார். அவர் சொன்னதை மற்றவர்கள் ஏற்கச் சில ஆண்டுகள் பிடித்தன. ஆனால் எலிமேல் பழி விழுந்ததுமே எல்லாருக்கும் முதலில் தோன்றியது கொலைதான். கரையில் அது எப்படி முடிந்தது என்பதற்கு ஹனோய் நகரம் சாட்சி. 1902-இல் அங்கே பிரெஞ்சு ஆட்சியினர் எலி வாலுக்குக் காசு கொடுத்தார்கள். கொஞ்ச நாளில் வாலறுந்த எலிகள் தெருவில் ஓடத் தொடங்கின, ஊருக்கு வெளியே எலி வளர்ப்பும் நடந்தது. வாலுக்குக் காசு என்றால் வால்தானே வரும்?

கப்பலில் காசுக்குப் பதில் புகை. சரக்கறையை மூடிக் கந்தகப் புகையைச் செலுத்தினார்கள். துணியின் சாயம் போயிற்று, உலோகம் கறுத்தது. பிறகு சயனைடு வாயு வந்தது. அது எலியை நன்றாகவே கொன்றது, காற்றாட விடுமுன் உள்ளே இறங்கிய மனிதரையும் கொன்றது. ஆனால் ஆபத்தைவிடப் பெரிய குறை வேறு. கப்பலின் உட்சுவர்ப் பலகைக்கும் வெளிச்சுவருக்கும் நடுவில், குழாய்களை மூடிய மரப்பெட்டிக்குள், அறைக் கூரையின் இரட்டைப் பலகைக்கு மேலே என்று கப்பல் முழுக்க வெற்றிடங்கள். புகை அங்கெல்லாம் சரியாக எட்டுவதில்லை. எட்டிக் கொன்றாலும் காலியான வளை அப்படியே இருக்கிறது, அடுத்த துறைமுகத்தில் புதுக் குடித்தனம் ஏறிவிடும். 1920-களில் நியூயார்க் துறைமுகத்தில் கப்பல்களை ஆராய்ந்த கிரப்ஸ், ஹோல்சென்டார்ஃப் என்ற இருவர் இதைப் பிடித்துக்கொண்டார்கள். எலியின் எண்ணிக்கையைத் தீர்மானிப்பது பதுங்கும் இடம் என்பதே அவர்கள் கண்டது. ஆகவே வெற்றிடத்தை அடை, அல்லது திறந்துவிட்டு வெளிச்சம் பட வை. குழாய் நுழையும் ஓட்டைக்குத் தகட்டு வளையம், காற்றுத் துளைக்குக் கம்பி வலை. அரை அங்குலத்துக்கு மேல் சந்து கூடாது. எலிக்கு அதுவே போதும், சுண்டெலிக்கு அதில் பாதி போதும்.

மரக்கப்பல் போய் இரும்புக் கப்பல் வந்ததால் எலி தானே குறைந்தது, தச்சருக்கு என்ன பெருமை என்று கேட்கலாம். எலிக்கு இடைஞ்சலாக இருப்பது வெளிச்சுவர் அல்ல என்பதை இந்தக் கேள்வி மறந்துவிடுகிறது. கிரப்ஸ் காலத்துக்கு வெகு முன்பே இரும்பும் எஃகும் வழக்கத்துக்கு வந்துவிட்டன. எலி குடியிருந்தது எஃகுக்கு உள்ளே வேய்ந்த பலகைக்குப் பின்னால். 1949-இல் யாங்சி ஆற்றில் சிக்கிய அமெதிஸ்ட் என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பலில் எலி பிடித்ததற்காகவும் சைமன் என்ற பூனைக்கு, விலங்குகளுக்குத் தரும் டிக்கின் பதக்கம் கிடைத்தது. பூனைக்குப் பெருமைதான், எஃகுக் கப்பலுக்கு இல்லை.

ஜாவா காட்டும் தடை இதைவிடக் கனமானது. பர்மாவிலிருந்து வந்த அரிசியோடு எலி வந்து, 1911-இல் மாலாங் பகுதியில் பிளேக் வெடித்தது. மூங்கிலின் பொள்ளலில் எலி கூடு கட்டியதைக் கண்ட டச்சு அரசு பத்து லட்சத்துக்கு மேற்பட்ட வீடுகளை மாற்றிக் கட்டியது. ஆனாலும் நோய் நீடித்தது, 1930-களில் ஓட்டன் என்ற ஆய்வாளரின் தடுப்பூசி வந்த பிறகே தணிந்தது. இதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். வீட்டுக்கு நாலு பக்கமும் வயல், நெல், திறந்த கதவு. கப்பலுக்கோ வடம், ஏணிப்பாலம், சரக்கு என்று எண்ணக்கூடிய வாசல்களே உண்டு. எல்லை அடங்கிய இடத்தில்தான் அடைப்பு வேலை செய்யும் என்று என் வாதத்தைச் சுருக்கிக்கொள்கிறேன். இன்னொரு விலக்கும் உண்டு. கொழும்பில் நுண்ணுயிர் ஆய்வாளராக இருந்த ஹர்ஸ்ட், சென்னை நகரில் பிளேக் ஊன்றாததற்குக் காரணம் அங்குள்ள எலிமேல் வாழும் தெள்ளுப்பூச்சி வேறு இனம் என்றார். ஆபத்தான இனம் சாக்கு மூட்டையில் ஒட்டிக்கொண்டும் பயணம் செய்யும். எந்தத் தட்டும் அதைத் தடுக்காது.

ஆனாலும் கப்பல் முதலாளிகள் தச்சருக்குப் பணம் கொடுத்தார்கள், நோய்க்குப் பயந்து மட்டும் அல்ல. புகையிட நிறுத்தும் ஒவ்வொரு நாளும் நட்டம். 1926-இல் பாரிஸில் கையெழுத்தான சர்வதேசச் சுகாதார உடன்படிக்கை ஆறு மாதத்துக்கு ஒரு சான்றிதழ் கேட்டது. அதில் இரண்டு வகை: எலியை அழித்ததற்கு ஒன்று, அழிக்கத் தேவையில்லாத அளவுக்கு எலி குறைந்த கப்பலுக்கு விலக்குச் சான்று ஒன்று. அடைத்துக் கட்டிய கப்பல் இரண்டாவதை வாங்கிக்கொண்டு அன்றே புறப்படலாம். 2007-இல் நடைமுறைக்கு வந்த சுகாதார விதிகள் பெயரை மாற்றி, எலியோடு மற்றத் தொற்றுகளையும் சேர்த்துக்கொண்டன. ஆறு மாதக் கெடுவும் விலக்குச் சான்றும் அப்படியே இருக்கின்றன.