தோணிக் கடப்பு (மலையகம்)

இலங்கையின் மலையகத் தோட்டங்களுக்குச் சென்ற தமிழகத் தொழிலாளர்கள் 19ஆம் நூற்றாண்டில் பாய்த்தோணிகளில் மன்னார்க் கரைக்கு மேற்கொண்ட கடற்பயணம். கோப்பித் தோட்டக் காலத்தில் தொண்டி, பாம்பன் முதலிய துறைகளில் தோணியேறியவர்கள், மன்னார்ப் பகுதியில் இறங்கிக் காட்டுவழியே மாத்தளைக்கு நடந்தனர்.

கடக்கும் முறை: இக்கடல் ஆழம் குறைந்தது. இராமர் பாலத்து மணல் திட்டுகளில் சில இடங்களில் ஆழம் சுமார் 1 மீட்டரே. நீரில் அதிகம் அமிழாத தோணியே இங்கு ஏற்றது. ஆழமற்ற துறைவாயில் பகல் வெளிச்சத்தில், நீர் ஏறும் நேரத்தில் நுழைவதே பாதுகாப்பு. தரைதட்டினாலும் ஏறும் நீர் தோணியை மிதக்கச் செய்யும். அலை வெண்ணுரையாக உடையும் இடத்தில் திட்டு இருக்கும் என்று கொண்டு விலக வேண்டும். கயிற்றில் கட்டிய ஈயக்குண்டால் ஆழம் பார்த்துக்கொண்டே செல்ல வேண்டும். காற்றும் நீரோட்டமும் எதிரெதிரே மோதினால் அலை செங்குத்தாக எழும். அப்போது வெளியே காத்திருப்பதே அறிவு. ஆட்களை அளவுக்கு மீறி ஏற்றினால் தோணி தாழ்ந்து, தரைதட்டும் ஆபத்தும் கவிழும் ஆபத்தும் கூடும்.

பிற்காலம்: 1914இல் தனுஷ்கோடி–தலைமன்னார் நீராவிக் கப்பல் சேவை தொடங்கியது. ஹட்டன், நுவரெலியாத் தேயிலைத் தோட்டங்களுக்குச் சென்றோர் தலைமன்னாரிலிருந்து ரயிலேற முடிந்தது.

நினைவு: கடலிலும் காட்டுவழியிலும் மாண்ட பலரின் பெயர்கள் எந்த ஏட்டிலும் இல்லை. மலையக மக்களின் 200 ஆண்டு வரலாற்றை நினைவுகூர்ந்து, 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடைபயணம் நடந்தது.