பள்ளிக்கு போலீஸ் வரலாமா? சட்டம் சொல்வது என்ன?

உங்கள் பிள்ளை படிக்கும் ஸ்கூல் வாசலில் போலீஸ் ஜீப் நிற்கிறது. உள்ளே நடப்பது விழிப்புணர்வு வகுப்பா, விசாரணையா? முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான். ஏன்னா, இரண்டுக்கும் விதிகள் வேறு.

பாடம் நடத்த வரும் போலீஸ்

கேரளாவில் 2010-ல் 'மாணவர் காவல் படை' திட்டம் தொடங்கியது. 2018 ஜூலையில் மத்திய அரசு இதை நாடு முழுவதற்கும் கொண்டுவந்தது. 8, 9-ம் வகுப்பு மாணவர்களுக்கு சாலைப் பாதுகாப்பு, போதைப்பொருள் தடுப்பு போன்றவற்றைச் சொல்லித் தருகிறார்கள். இங்கே போலீஸ் சீருடையில் வருவதில் பிரச்னை இல்லை.

விசாரிக்க வரும் போலீஸ்

இங்கேதான் சிறார் நீதிச் சட்டம், 2015 குறுக்கே வருகிறது. ஒவ்வொரு காவல் நிலையத்திலும் ஏஎஸ்ஐ அல்லது அதற்கு மேல் ரேங்கில் ஒரு குழந்தைகள் நல காவல் அதிகாரி இருக்க வேண்டும். 2016-ல் வந்த மாதிரி விதிகள் சொல்வது:

• குழந்தைகளிடம் பேசும் அதிகாரி முடிந்தவரை சாதாரண உடையில் இருக்க வேண்டும். மாணவி என்றால் பெண் போலீஸ் வேண்டும்.
• தவறு செய்ததாகச் சொல்லப்படும் குழந்தைக்கு விலங்கு மாட்டக் கூடாது. வாக்குமூலத்தில் கையெழுத்து கேட்கக் கூடாது.
• விசாரணையின்போது பெற்றோர் உடன் இருக்கலாம்.

சரி, ஸ்கூல்ல ரெண்டு பசங்க அடிச்சுக்கிட்டா எஃப்ஐஆர் போடுவாங்களா? பொதுவாக இல்லை. குறைந்தபட்சமே ஏழு ஆண்டு சிறை என்கிற அளவுக்குக் கொடிய குற்றம், அல்லது பெரியவர்களோடு சேர்ந்து செய்த குற்றம் என்றால் மட்டுமே எஃப்ஐஆர். மற்றவை காவல் நிலைய பொது நாட்குறிப்பில் பதிவாகி, சிறார் நீதி வாரியத்துக்குப் போகும்.

குழந்தை பாதிக்கப்பட்டிருந்தால்?

பாலியல் குற்றம் என்றால் போக்சோ சட்டம் பொருந்தும். வாக்குமூலத்தைக் குழந்தையின் வீட்டிலோ, குழந்தை விரும்பும் இடத்திலோ வாங்க வேண்டும். அதிகாரி சீருடையில் இருக்கவே கூடாது. புகாரை மறைத்தால் பள்ளி நிர்வாகிக்கு ஓராண்டு வரை சிறை உண்டு.

விதி மீறப்பட்டால்?

கர்நாடகாவின் பீதரில் 2020-ல் குடியுரிமைத் திருத்தச் சட்டம் பற்றிய பள்ளி நாடகத்துக்காக தேசத்துரோக வழக்கு போடப்பட்டது. நடித்த குழந்தைகளைப் போலீஸ் பள்ளியிலேயே விசாரித்தது. சீருடையோடும் ஆயுதத்தோடும் காவலர்கள் அங்கே இருந்தது, முதல்நோக்கில் சட்டமீறல் என 2021-ல் கர்நாடக உயர் நீதிமன்றம் சொன்னது. பள்ளி நிர்வாகத்தினர் மீதான வழக்கு 2023-ல் ரத்தானது.

நீங்கள் என்ன செய்யலாம்?

குழந்தைகள் நல காவல் அதிகாரி வந்திருக்கிறாரா என்று கேளுங்கள். "நான் வரும்வரை விசாரிக்க வேண்டாம்" என்று தலைமையாசிரியரிடம் எழுதிக் கொடுங்கள். உதவி தேவைப்பட்டால் 1098-க்கு அழையுங்கள், கட்டணம் கிடையாது.