'ஈஸ்தெடிக்ஸ்' என்னும் சொல்லின் மூவகை வழக்கு

அழகியல் என்றும் முருகியல் என்றும் நாம் தமிழிற் பெயர்த்து வழங்கும் கலைச்சொல் மேலைமொழிகளில் 'ஈஸ்தெடிக்ஸ்' என வழங்கும். மெய்யியலார், மருத்துவர், பல் மருத்துவர் என்னும் முத்திறத்தாரும் இச்சொல்லையோ இதன் வேரினின்று பிறந்த பிற சொல்லையோ ஆளுகின்றனர். அவ்வழக்குகள் தம்முள் எவ்வாறு இயைகின்றன, நம் பெயர்ப்பு அவற்றுள் எதனைச் சுட்டும் என்பன ஈண்டு ஆராயப்படும்.

1. வேர்ப்பொருள்

'ஐஸ்தேசிஸ்' என்னும் கிரேக்கச் சொல் புலன்வழி உணர்தலைக் குறிப்பது. அழகு என்னும் பொருள் அதன்கண் இல்லை. எதிர்மறை முன்னொட்டுப் பெற்று அஃது உணர்வின்மையைக் குறிக்கும். கி.பி. முதல் நூற்றாண்டினரான டயாஸ்கோரிடிஸ், அறுத்தற்கும் சுடுதற்கும் உரிய நோயாளர்க்கு மாண்ட்ரகோரா வேரிட்ட மதுவைக் கொடுக்குமிடத்து, இவ்வெதிர்மறை வடிவை ஆண்டுள்ளார். ஆகவே மருத்துவ வழக்கின் வித்துப் பழைமையானதே.

2. மெய்யியல் வழக்கு

செருமானிய அறிஞர் பாம்கார்ட்டன் 1735-இல் தம் ஆய்வுரையில் இச்சொல்லை ஒரு துறைப்பெயராக அமைத்தார். 1750-இலும் 1758-இலும் அப்பெயரிலேயே நூலின் இரு பகுதிகளை வெளியிட்டார். அவர் கொண்ட பொருள் புலனறிவு பற்றிய அறிவியல் என்பதே. எனினும், புலனறிவின் நிறைவே அழகு என அவர் வரையறுத்தமையால் சொல் அழகின்பால் திரும்பிற்று. பொருள் மாற்றத்திற்கு வாயில் இதுவே என்க.

காண்ட் 1781-இல் வெளியிட்ட நூலில் இம்மாற்றத்தை மறுத்தார். சுவைத்திறனாய்விற்கு இப்பெயரிடுவோர் செருமானியரே எனக் கூறி, இடமும் காலமும் புலனுணர்வின் வடிவங்கள் என நிறுவும் பகுதிக்கே இப்பெயரைச் சூட்டினார். ஆயினும் 1790-இல் எழுதிய நூலில் அவரே அழகு பற்றிய தீர்ப்பிற்கு இதனை ஆண்டார். எகல் இப்பெயர் பொருந்தாதெனக் கூறியும், வழக்கூன்றிவிட்டமையின் விடாது கொண்டார். மறுத்தவரையும் வழக்கு வென்றது.

3. மருத்துவ வழக்கு

1846 அக்டோபர் 16-ஆம் நாள் பாஸ்டன் நகர மருத்துவமனையொன்றில் மார்ட்டன் என்பார் ஈதர் ஆவியை ஊட்ட, நோயாளியின் கழுத்துக்கட்டி அறுக்கப்பட்டது. இந்நிலைக்குப் பெயர் வேண்டியபோது ஆலிவர் வெண்டல் ஹோம்ஸ் அவ்வாண்டு நவம்பரில் எழுதிய மடலில் 'அனஸ்தீசியா' என்பதனைப் பரிந்துரைத்தார். ஈண்டு அழகிற்கு இடமில்லை. புலனுணர்வு நீங்கிய நிலையே பொருள். மெய்யியலார் கைவிட்ட வேர்ப்பொருளை மருத்துவர் போற்றிக் காத்தனர்.

4. பல் மருத்துவ வழக்கு

மார்ட்டன் பல் மருத்துவர் என்பது கருதத்தக்கது. அவர்க்கு முன்னர் 1844-இல் சிரிப்பூட்டும் வாயுவை உட்கொண்டு தம் பல்லைப் பிடுங்குவித்துக்கொண்ட ஹொரேஸ் வெல்சும் பல் மருத்துவரே. நோவு நீக்குதலை உலகிற்குக் காட்டிய அத்துறையே இந்நாளில் பல்லழகு பேணுதலையும் தன் கிளையாகக் கொண்டுள்ளது. பியுனகோர் 1955-இல் பல்லின் எனாமலை அமிலத்தாற் பதப்படுத்தி ஒட்டும் முறையை வெளியிட்ட பின்னர் அக்கிளை தழைத்தது. ஒருவேர்ச் சொற்கள் இரண்டும் ஒரே துறையில் அருகருகே வழங்குகின்றன.

பல்லழகிற்கு அளவை வகுக்கவும் முயன்றனர். முன்பற்களின் தோற்ற அகலம் பொன்விகிதத்தில் அமைதல் வேண்டுமென லெவின் 1978-இல் எழுதினார். பின்வந்தோர் இயற்கைப் பற்களை அளந்தபோது, அவ்விகிதம் பெரும்பாலானவற்றிற் காணப்படவில்லை. அழகிற்கு முடிந்த விதி கூறவியலாது என்ற காண்ட்டின் கருத்து ஈண்டு நினைத்தற்குரியது. செயற்கைப் பல்லின் நிறமும் ஒளிக்கேற்ப வேறுபட்டுத் தோன்றுதலின், காண்பார் கண்ணே அதற்கு இறுதிச் சான்றாகின்றது. எனவே இவ்வழக்கிலும் வேர்ப்பொருள் மறைந்து நிற்கின்றதேயன்றி அழிந்திலது.

5. முடிபு

அழகியல் என்னும் பெயர் கலைத்தத்துவத்திற்கும் பல்லழகிற்கும் பொருந்தும். காண்ட்டின் 1781-ஆம் ஆண்டு நூற்பகுதிக்குப் பொருந்தாது. அதனை அழகியல் எனப் பெயர்ப்பின், இடமும் காலமும் பற்றிய ஆராய்ச்சி அழகாராய்ச்சியென மாணவர் மயங்குவர். அதற்குப் புலனுணர்வியல் என்பதும், மருத்துவச் சொல்லிற்கு உணர்வகற்றல் என்பதும் ஏற்புடையன. உணர்வு என்னும் பொதுச்சொல் இரண்டின் உறவையும் புலப்படுத்தும். கண்ணாலும் காதாலும் ஐயமற அறியவல்லார்க்கன்றி மெய்ப்பாட்டின் நயம் கோடல் அரிது எனத் தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலை முடித்தலின், சுவையைப் புலனுணர்வோடு இயைத்துக் காண்டல் தமிழ் மரபிற்குப் புதிதன்று என்பது தெளிவாம்.