கட்டடக்கலைத் தொழில்நுட்பப் பட்டங்களின் தொழில்முறை அங்கீகாரம் (பிரித்தானியா)

கட்டடக்கலைத் தொழில்நுட்பத்தில் ஒரு பல்கலைக்கழகம் நடத்தும் பட்டப்படிப்பு, அத்தொழிலில் நுழைவதற்குப் போதிய அடித்தளம் தருகிறதா என்று தொழில் அமைப்பு ஒன்று ஆராய்ந்து அளிக்கும் ஒப்புதல் தொழில்முறை அங்கீகாரம் எனப்படும். பிரித்தானியாவில் இதை அளிப்பது லண்டனில் இயங்கும் கட்டடக்கலைத் தொழில்நுட்பவியலாளர் சாசன நிறுவனம் (சி.ஐ.ஏ.டி.). பட்டம் வழங்கும் அதிகாரம் பல்கலைக்கழகத்திடமே இருக்கிறது. அந்தப் பட்டத்தைத் தொழில் ஏற்கிறதா என்பதை நிறுவனம் சொல்கிறது.

இத்துறை தனித் தொழிலாக உருவானதே ஒரு கல்விச் சீர்திருத்தத்தின் விளைவு. 1958இல் ஆக்ஸ்ஃபோர்டில் நடந்த கட்டடக்கலைக் கல்வி மாநாடு, ஆர்க்கிடெக்ட் படிப்புக்கான நுழைவுத் தகுதியை உயர்த்தி, அதைப் பல்கலைக்கழகங்களை நோக்கி நகர்த்த வழிவகுத்தது. அப்படியானால் அலுவலகங்களில் வரைபடங்களையும் கட்டுமான நுணுக்கங்களையும் கவனிப்பவர்களுக்கு என்ன பயிற்சி என்ற கேள்வி எழுந்தது. அவர்களுக்கென 1965இல் தனிச் சங்கம் தொடங்கப்பட்டது. அது 1986இல் பிரித்தானியக் கட்டடக்கலைத் தொழில்நுட்பர் நிறுவனமாகியது. 2005இல் அரச சாசனம் பெற்று இன்றைய பெயரை ஏற்றது. உதவியாளர்களாகக் கருதப்பட்டவர்கள் நாற்பது ஆண்டுகளில் சாசனத் தகுதி கொண்ட தொழிலர்களானது சிறிய சாதனை அன்று.

அங்கீகாரத்துக்கு முக்கிய அளவுகோல், உயர்கல்வித் தர உறுதி முகமை வெளியிடும் பாடத்துறை வரையறை அறிக்கை. கட்டுமானத் தொழில்நுட்பம், பொருள்களின் இயல்பு, கட்டட இயற்பியல், கட்டட விதிகள், ஒப்பந்தம், மேலாண்மை ஆகியவற்றோடு வடிவமைப்பும் இத்துறைக்கு உரியது. பல்கலைக்கழகம் பாடத்திட்டம், ஆசிரியர்கள், வசதிகள் பற்றிய ஆவணங்களை முன்வைக்கும். கல்வியாளர்களும் தொழிலில் உள்ளவர்களும் கொண்ட குழு அவற்றைப் பரிசீலித்து, மாணவர்களின் வேலைகளையும் பார்க்கும். இவற்றில் மாணவர்களின் டீட்டெயில் வரைபடங்களே ஒரு படிப்பின் தரத்தை உண்மையாகச் சொல்லும். கூரையும் சுவரும் சந்திக்கும் இடத்தில் மழைநீர் எப்படி வெளியேறும், குளிர்காலத்தில் ஈரம் எங்கே படியும், தீ எந்த இடைவெளி வழியே பரவும் என்பதை வரைந்து காட்டத் தெரியாதவருக்கு மற்றப் பாடங்களில் எவ்வளவு மதிப்பெண் இருந்தும் பயனில்லை.

இந்த அறிவின் அருமையை 2017 ஜூன் 14 கொடூரமாக உணர்த்தியது. லண்டனின் கிரென்ஃபெல் டவர் தீயில் 72 பேர் இறந்தனர். நான்காம் மாடி வீடொன்றின் சமையலறையில் தொடங்கிய தீ, ஜன்னலையொட்டி வெளியேறி, பாலிஎதிலீன் உட்பொருள் கொண்ட வெளிப்புற உறைத்தகடுகளில் பற்றி மேலேறியது. கட்டடப் புதுப்பிப்பின்போது தேர்ந்தெடுத்த பொருளும் ஜன்னல் ஓரங்களை அமைத்த விதமும் இதற்கு வழிவிட்டன. அதன்பின் வந்த 2022ஆம் ஆண்டின் கட்டடப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ், 2023 அக்டோபர் 1 முதல் இங்கிலாந்தில் வடிவமைப்புப் பொறுப்பேற்பவர்கள் தகுதி உடையவர்களாக இருக்க வேண்டும் என்பது விதியாகியுள்ளது. இனி படிப்புகளை மதிப்பிடுவோர் தீப்பாதுகாப்பை ஓர் உபபாடமாக எண்ணிக் கடந்துவிடக் கூடாது.

அங்கீகாரம் படிப்புக்கே உரியது. அதில் தேறியவருக்குத் தொழில் தகுதி தானாகக் கிடைத்துவிடாது. பட்டதாரி முதலில் இணை உறுப்பினராகலாம். வேலை அனுபவம் பெற்று, தொழில்முறை மதிப்பீட்டில் தேறிய பிறகே சாசனத் தொழில்நுட்பவியலாளராகி, எம்.சி.ஐ.ஏ.டி. என்ற எழுத்துகளைப் பெயருடன் சேர்த்துக்கொள்ளலாம். 'ஆர்க்கிடெக்ட்' என்று அழைத்துக்கொள்ள இப்பட்டம் உதவாது. அப்பெயர் 1997ஆம் ஆண்டின் சட்டப்படி ஆர்க்கிடெக்ட் பதிவு வாரியத்தில் பதிந்தவர்களுக்கே உரியது. எனினும் அச்சட்டம் பெயரைக் காக்கிறதே தவிர, வடிவமைக்கும் வேலையை அவர்களுக்கு மட்டும் ஒதுக்கவில்லை. எனவே சாசனத் தொழில்நுட்பவியலாளர் சொந்த அலுவலகம் நடத்தி, ஒரு கட்டடத்தைத் தொடக்கம் முதல் ஒப்படைப்பு வரை தாமே வழிநடத்த முடியும்.

அங்கீகாரம் நிரந்தரமன்று, காலவரையறை முடிந்தால் மறுஆய்வு உண்டு. ஒரே பல்கலைக்கழகத்தில் ஒரு படிப்பு அங்கீகாரம் பெற்றிருக்க, பெயரில் நெருங்கிய இன்னொன்று பெறாமலும் இருக்கலாம். சேர விரும்புவோர் தாம் சேரும் ஆண்டுக்கும் குறிப்பிட்ட படிப்புக்கும் அங்கீகாரம் செல்லுமா என்பதை நிறுவனத்தின் பட்டியலில் சரிபார்க்க வேண்டும்.