இரவெல்லாம் எரிந்த விளக்கு

காஞ்சிபுரத்திற்குத் தென்கிழக்கே, பாலாறும் வேகவதியும் செய்யாறும் ஒன்றுகூடும் இடத்தில் திருமுக்கூடல் என்னும் சிற்றூர் உள்ளது. அங்குள்ள வெங்கடேசப் பெருமாள் கோயில் சுவரில் வீரராசேந்திர சோழனின் 5ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த நீண்ட கல்வெட்டு ஒன்று காணப்படுகிறது. இற்றைக்கு ஏறத்தாழ 950 ஆண்டுகளுக்கு முன் வெட்டப்பட்டது அது. கோயிற் பணியாளரும் அங்குத் தங்கிக் கற்ற மாணவரும் நோயுற்றபோது பேணப்பட்ட 'வீரசோழன்' என்னும் ஆதுலர்சாலையைப் பற்றி அது பேசுகிறது.

அச்சாலையில் 15 படுக்கைகள் இருந்தன. மருத்துவருக்கு ஆண்டுக்கு 90 கலம் நெல்லும் 8 காசும் வகுக்கப்பட்டன. அறுவை செய்யும் சல்லியக்கிரியையாளருக்கு 30 கலம் நெல். மூலிகை கொணர இருவர், நோயாளரைப் பேணி மருந்து அடுவதற்குப் பெண்கள் இருவர், நாவிதர் ஒருவர், தண்ணீர் கொணர்பவர் ஒருவர் என யாவருக்கும் படி குறிக்கப்பட்டுள்ளது. சேமிக்க வேண்டிய மருந்துகள் ஏறத்தாழ 20 பெயர் சொல்லி எழுதப்பட்டுள்ளன. ஆமணக்கு சேர்ந்த தைலங்களும் அவற்றுள் உண்டு. வாத வலிக்கு ஆமணக்கெண்ணெயை நம் வைத்திய மரபு இன்றும் ஆள்கிறது.

இக்கணக்குகளுக்கிடையே ஒரு சிறு செலவு நம் கண்ணை நிறுத்துகிறது. இரவு முழுவதும் எரியும் விளக்குக்கு எண்ணெய்! பகலில் அறுத்துக் கட்டிய புண் இரவில்தான் பேசத் தொடங்கும் என்பதை நோயாளியின் அருகே விழித்திருந்த எவரும் அறிவர். அந்த இருளுக்கும் ஒரு பொறுப்பாளர் வேண்டும் என்று நம் முன்னோர் கருதினர் போலும்.

அறுவையின்போது எழும் வலியை வெல்லும் வழி நெடுங்காலத்திற்குப் பின்னரே புலப்பட்டது. 1846 அக்டோபர் 16 அன்று பாஸ்டன் நகர மருத்துவமனையில் வில்லியம் மார்ட்டன் ஈதர் ஆவியால் நோயாளியை மயக்க, அறுவை நடந்தேறியது. 1884இல் கார்ல் கோலர் கோக்கெயினைக் கொண்டு கண்ணை மட்டும் மரக்கச் செய்தார். ஈதர் நோயாளியை முழுவதும் உறங்க வைத்தது. கோலரின் வழியோ அறுக்கும் இடத்தை மட்டும் உறங்க வைத்தது.

அடுத்து வந்த மாற்றம் நம் வீட்டு வாசலைத் தொடுவது. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் ஜேம்ஸ் நிக்கல் என்னும் அறுவை மருத்துவர், பத்தாண்டுகளில் 8,988 அறுவைகளைப் படுக்கையில் சேர்க்காமலேயே செய்ததாக 1909இல் அறிவித்தார். அவரிடம் வந்தவருள் பெரும்பாலோர் ஏழைக் குழந்தைகள். தாயின் மடியே குழந்தைக்கு ஏற்ற படுக்கை என்பது அவர் துணிபு. ஆயினும் அவர் குழந்தைகளை அனுப்பிவிட்டு மறந்தவர் அல்லர். செவிலியர் வீடு தேடிச் சென்று புண்ணைப் பார்த்தனர். விளக்கு வீட்டிற்கு இடம் மாறியதேயன்றி அணைந்துவிடவில்லை.

இன்று கண்புரையும் குடலிறக்கமும் பெரும்பாலும் ஒரே நாளில் முடிகின்றன. காஞ்சியின் பட்டு நெசவாளர் ஒருவரை எண்ணிப் பாருங்கள். குடலிறக்க அறுவை முடிந்து மாலையில் வீடு திரும்புகிறார். மரப்பு ஊசியின் பயன் சில மணி நேரத்தில் தேய்கிறது. நள்ளிரவில் வலி மூள்கிறது. கொடுத்தனுப்பிய மாத்திரை மாடத்தில் கிடக்கிறது. "பொறுத்துக்கொள்வோம், மாத்திரை உடம்புக்கு ஆகாது" என்று படுத்திருக்கிறார். வலிக்கு அஞ்சி இருமலை அடக்குகிறார். எழுந்து நடக்கவும் தயங்குகிறார். இதனால் சளி தேங்குகிறது, உறக்கம் கெடுகிறது, தேறும் நாள் தள்ளிப்போகிறது. தறிக்குழியில் இறங்கிக் கால் மிதிக்கும் நாளும் தள்ளிப்போகிறது, நெய்தால்தான் கூலி.

வலி முற்றிய பின் அடக்குவதைவிட, முற்றுமுன் தடுப்பது எளிது. எனவே முதல் ஓரிரு நாள்களுக்கு மருத்துவர் குறித்த மாத்திரையைக் குறித்த வேளையில் விழுங்குவதே முறை. குறித்த அளவை மீறுவதும் தவறு. வயிற்றுப் புண்ணோ சிறுநீரகக் கோளாறோ உள்ளவர் அதனை முன்னரே சொல்லிவிட வேண்டும். மருந்துக்கும் அடங்காது வலி பெருகினாலும், காய்ச்சலோ சீழோ கண்டாலும், விடியும்வரை காத்திராமல் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

வலியைத் தாங்குவதே பக்தி என்று எண்ணுவோர் நம்மிடையேயும் உண்டு. அவர்கள் ஒன்றை அறிதல் நலம். 1957 பிப்ரவரி 24 அன்று, இத்தாலிய மயக்கவியல் மருத்துவர்கள் எழுப்பிய வினாக்களுக்குத் திருத்தந்தை 12ஆம் பத்திநாதர் விடையளித்தார். ஒருவர் தாமே விரும்பி வலியை ஏற்பது போற்றத்தக்கதாகலாம். ஆயின் அது எல்லார்க்கும் கடமையன்று, வலி நீக்கும் மருந்தை நாடுவதில் குற்றமில்லை என்றார். கடும் வலி உள்ளத்தின் ஆற்றலையும் குலைக்கக்கூடும் என்பதையும் அவர் எடுத்துக்காட்டினார். பிறரது வலியை அவருக்காக நாம் தாங்கிவிட முடியாது. பிறர் தாங்கியே ஆக வேண்டும் என்று விதிக்கவும் நமக்கு உரிமையில்லை.

தலைவலியும் திருகுவலியும் தனக்கு வந்தால் தெரியும் என்பர். தனக்கு வராதபோதும் தெரிந்துகொண்டவர்கள் திருமுக்கூடல் கல்லில் எண்ணெய்க்குக் கணக்கு எழுதி வைத்தார்கள். இன்று அறுவை முடிந்து ஒருவர் நம் இல்லம் திரும்பும் இரவில் ஆதுலர்சாலை நம் வீடுதான். வேளை பார்த்து மாத்திரையை எடுத்துக் கொடுத்து, "இப்போது வலி எப்படி இருக்கிறது?" என்று கேட்கும் ஒருவரே அங்கு எரியும் விளக்கு.