பேக்கன் பிரபுவின் வீழ்ச்சி

ஒருவர் தாம் மேற்கொண்ட தொழிலில் மேம்பாடடைதற்கு வேண்டுவன யாவை என வினவின், கல்வி, ஆற்றல், உழைப்பு, பெரியார் துணை என்னும் நான்கினையும் எடுத்துரைப்பது உலக வழக்கு. இந்நான்கும் ஒருங்கே வாய்க்கப்பெற்ற ஒருவர் ஆங்கில நாட்டின் மிகவுயர்ந்த நீதிப் பதவியில் வீற்றிருந்து, விக்கவுன்ற் பட்டம் பெற்று நூறு நாள் கழியுமுன்னே அதனை முற்றாக இழந்தார். 1621ஆம் ஆண்டு தை மாதம் 27ஆம் நாள் சென்ற் ஓல்பன்ஸ் விக்கவுன்ற் என்னும் பட்டம் பெற்ற பிரான்சிஸ் பேக்கன், அதே ஆண்டு வைகாசி மாதம் 3ஆம் நாள் கையூட்டு வாங்கிய குற்றத்திற்காகப் பிரபுக்கள் சபையினால் தண்டிக்கப்பட்டார். இவ்வீழ்ச்சி எவ்வாறு நிகழ்ந்தது? அவர்க்கு விதித்த தண்டனை முறையானதா? இவ்வினாக்கள் மூன்று நூற்றாண்டுகளுக்கு மேலாக வரலாற்றாசிரியரிடையே வாதத்துக்கு இடமாயிருந்து வந்துள்ளன.

பேக்கன் 1561ஆம் ஆண்டிலே பிறந்தார். தந்தையார் நிக்கலஸ் பேக்கன் எலிசபெத்து இராணியின் பெருமுத்திரைக் காவலர். பெரியன்னையின் கணவர் பேளிப் பிரபு இராணியின் முதன்மை அமைச்சர். பன்னிரண்டு வயதிற் கேம்பிறிட்ஜ் சேர்ந்த மைந்தர், பின் கிறேஸ் இன் என்னும் சட்டக் கழகத்திற் பயின்று 1582இல் நியாயவாதியானார். அதற்கு முன்னரே, இருபது வயதிற் பாராளுமன்ற உறுப்பினராகிவிட்டார். ஆயினும் 1579இல் தந்தையார் இறந்தபோது இளைய மகனாகிய அவர்க்குக் கிடைத்த சொத்து மிகச் சிறிது. பெருவாழ்வு வாழும் விருப்பமும் அதற்கேற்ற பொருளின்மையும் அவரை வாழ்நாள் முழுவதும் அலைத்தன. 1598இற் கடனுக்காகக் கைது செய்யப்படும் நிலையும் அவர்க்கு நேர்ந்தது.

1593ஆம் ஆண்டுப் பாராளுமன்றத்தில் இராணி வேண்டிய வரிப்பணத்தை விரைந்து அறவிடுதல் குடிகளுக்குப் பெருஞ்சுமையாகும் எனப் பேக்கன் எடுத்துரைத்தார். அறநெறி நின்று பேசிய பேச்சே அது. ஆனால் அதன் விளைவாக அவர் இராணியின் சினத்துக்கு ஆளானார். அடுத்த ஆண்டிற் சட்டமா அதிபர் பதவி அவரினும் ஒன்பது வயது மூத்த எட்வேட் கோக்கிற்குச் சென்றது. மெய்யுரைத்தலால் இழப்பு வந்துறும் என்பதைப் பேக்கன் அன்று கற்றுக்கொண்டார் போலும். அதன்பின் ஆட்சியாளர் விருப்பத்துக்கு மாறாக அவர் எழுந்து நின்றமை அரிது.

அக்காலத்தில் அவர்க்கு உறுதுணையாக நின்றவர் எசெக்ஸ் பிரபு. பேக்கனுக்குப் பதவி பெற்றுக்கொடுக்க முயன்று தோல்வியுற்ற அப்பிரபு, அதற்கு ஈடாகத் தமது நிலத்தின் ஒரு பகுதியை அவர்க்கு ஈந்தார். 1601இல் எசெக்ஸ் பிரபு கலகஞ் செய்து பிடிபட்டபோது, அவருக்கெதிராக வழக்குரைத்தோருள் ஒருவராகப் பேக்கனும் நின்றார். பிரபு சிரச்சேதம் செய்யப்பட்டார். கலகம் அரசத் துரோகமே என்பதில் ஐயமில்லை. அரச ஊழியர் என்ற முறையிற் பேக்கன் தம் கடமையைச் செய்தார் என்றலும் பொருந்தும். ஆயினும் நன்றி மறந்தவர் என்னும் பழிச்சொல் நாட்டிற் பரவியது. அதனைத் துடைக்கும் பொருட்டு 1604இல் அவர் தம் செயலுக்குச் சமாதானங் கூறி ஒரு நூலே வெளியிட நேர்ந்தது. சட்டம் குற்றமில்லை என்று கூறுவதனை மக்கள் உள்ளம் உடனே ஏற்றுக்கொள்வதில்லை என்பதற்கு இஃது ஒரு சான்று.

1603இல் முதலாம் யேம்ஸ் மன்னன் முடிசூடியபின் பேக்கனுடைய நற்காலம் தொடங்கிற்று. 1607இல் மன்றாடியார் நாயகம், 1613இற் சட்டமா அதிபர், 1617இற் பெருமுத்திரைக் காவலர், 1618இற் சான்சலர் எனப் படிப்படியாக அவர் உயர்ந்தார். 1620இல், அறிவியல் ஆராய்ச்சிக்குப் புதுநெறி வகுத்த நோவும் ஓர்கனும் என்னும் இலத்தீன் நூலை வெளியிட்டார். இக்காலத்திற் கோக்கின் நிலை இதற்கு நேர்மாறாயிற்று. பிரதம நீதியரசராக விளங்கிய அவர், மன்னனும் சட்டத்துக்கு உட்பட்டவனே என வாதித்து வந்தார். 1616இல் ஒரு வழக்கு விசாரணையை நிறுத்திவைக்குமாறு மன்னன் பணித்தபோது, ஏனைய நீதிபதிகள் இணங்கினர். கோக் மட்டும், வழக்கு வரும்போது ஒரு நீதிபதி செய்யத்தக்கதைச் செய்வேன் என்றார். அவ்வாண்டிலேயே பதவி நீக்கப்பட்டார். மன்னனுக்கு அவ்வேளை ஆலோசனை கூறியவர்களுட் பேக்கனும் ஒருவர்.

இனி, கையூட்டுப் பற்றி ஆராயுமிடத்து அக்கால வழக்கத்தை முதற்கண் அறிதல் வேண்டும். அந்நாளில் அரச ஊழியரின் வேதனம் மிகக் குறைவு. கட்டணங்களும் அன்பளிப்புகளுமே அவர்தம் உண்மை வருவாய். புத்தாண்டு நாளிற் பிரபுக்கள் மன்னனுக்குப் பரிசளிப்பர். வழக்காளிகள் நீதிபதிக்கும் அவர்தம் ஏவலாளர்க்கும் பரிசளிப்பர். வழக்கு முடிந்தபின் வரும் பரிசு நன்றிக்கடன் எனக் கருதப்பட்டது. வழக்கு நடக்கும்போது வரும் பரிசு தவறு என யாவரும் அறிவர். ஆனால் சான்சரி நீதிமன்றத்தில் வழக்குகள் ஆண்டுக்கணக்காக நீள்வன. ஒரு வழக்கு எப்போது முடிந்தது என்று துணிதல் எளிதன்று. பேக்கன் இதிற் போதிய கவனஞ் செலுத்தவில்லை. கணக்குகளை ஏவலாளரிடம் விட்டுவிட்டார். அவர்களோ இரு கையாலும் வாங்கினர்.

1621ஆம் ஆண்டுத் தையிற் பாராளுமன்றம் கூடியபோது நாடு கொதித்திருந்தது. தனிமனிதர் சிலர்க்கு அரசு வழங்கிய வாணிப ஏகபோக உரிமைகளால் மக்கள் அல்லலுற்றனர். அவ்வுரிமைகள் சிலவற்றைச் சட்டப்படி தக்கனவெனச் சான்றளித்தோருட் பேக்கனும் ஒருவர். பொதுமக்கள் சபையிலே அன்று முன்னணியில் நின்றவர் அவரால் வீழ்த்தப்பட்ட கோக். நீதிமன்றங்களின் சீர்கேட்டை ஆராய அமைந்த குழுவின்முன், பங்குனி மாதத்தில் இரு வழக்காளிகள் முறையிட்டனர். ஓப்ரி என்பவர் நூறு பவுண் கொடுத்திருந்தார்; எகேட்டன் என்பவர் நானூறு பவுண் கொடுத்திருந்தார். இருவரும் பணம் கொடுத்தும் தமக்கு எதிராகவே தீர்ப்புக் கிடைத்தது எனக் குறை கூறினர். பின்னர்ப் பலர் முன்வரவே, குற்றச்சாட்டுகள் இருபத்தெட்டாகப் பெருகின.

முறையீட்டின் இயல்பை ஈண்டு ஊன்றி நோக்குதல் தகும். பணம் பெற்றும் அதனைக் கொடுத்தவர்க்கு எதிராகத் தீர்ப்பளித்தார் எனின், நீதியை விற்றார் என்பது எங்ஙனம் பொருந்தும்? பேக்கனின் உள்ளத்திலிருந்த எண்ணமும் இதுவே. கையூட்டினை அவர் மூவகைப்படுத்தினார்: தீர்ப்பை விலைபேசி வாங்குதல் ஒன்று, வழக்கு முடிந்ததோ என ஆராயாது வாங்குதல் மற்றொன்று, முடிந்தபின் வஞ்சமின்றி வாங்குதல் மூன்றாவது. முதலாவது குற்றம் தம்மிடம் இல்லை என்றும், இரண்டாவதிற் பிழைபட்டிருக்கலாம் என்றும், மூன்றாவது குற்றமேயன்று என்றும் அவர் கொண்டார். ஆயினும் சித்திரை 30ஆம் நாள் எழுத்துமூலம் தம் குற்றத்தை ஒப்புக்கொண்டு, எதிர்வாதம் புரியாது விட்டார்.

நாற்பதாயிரம் பவுண் தண்டம், மன்னன் விரும்புங் காலம்வரை இலண்டன் கோபுரச் சிறை, இனி அரசபதவி எதுவும் வகிக்கலாகாது, பாராளுமன்றத்தில் அமரலாகாது. இதுவே பிரபுக்கள் சபை அளித்த தீர்ப்பு. சிறையிற் சில நாள்களே இருந்தார். தண்டப் பணத்தின் சுமையையும் மன்னன் நீக்கினான். ஆனால் இழந்த பதவி மீளவில்லை. தம் காலத்து நீதிபதிகளுள் தாமே மிக நேர்மையானவர் எனினும், தமக்கு விதித்த தண்டனையும் நேர்மையானதே என்னும் கருத்துப்பட அவர் பின்னர்க் கூறியதாக அறியக்கிடக்கின்றது.

இக்கூற்று முரண்பாடுபோலத் தோன்றினும் உண்மை அதனுள்ளே உளது. அவரை வீழ்த்தியவர்கள் எல்லாரும் அறத்தின் பொருட்டே செயற்பட்டனர் எனல் ஒண்ணாது. பழம்பகையும் அரசியற் சூழ்ச்சியும் அங்கே கலந்திருந்தன. மன்னனின் அன்புக்குரிய பக்கிங்காமின் மீது பாயவிருந்த மக்கள் சினம் பேக்கன்மீது பாய்ந்தது என்றலும் தவறாகாது. அவரைப்போற் பரிசு வாங்கிய வேறு பலர் தப்பிக்கொண்டனர். இவையெல்லாம் மெய்யே. எனினும் இவை அவரைக் குற்றமற்றவராக்கா. ஏனெனில் நீதிபதியின் தொழில் தீர்ப்புக் கூறுவதோடு முடிவதன்று; அத்தீர்ப்பினைத் தோற்றவனும் ஏற்றுக்கொள்ளச் செய்வதும் அத்தொழிலின் பாற்பட்டதே. வென்றவன் எந்த நீதிமன்றையும் புகழ்வான். தோற்றவன், தன் எதிரி கூடுதலாகக் கொடுத்தான் போலும் என ஐயுறுவானாயின், தீர்ப்பு எத்துணை நேரியதாயினும் அந்நீதிமன்றம் தன் பயனை இழந்துவிடுகின்றது. ஓப்ரியின் நூறு பவுண் பேக்கனின் மனத்தைத் திரிக்கவில்லை என்று கொண்டாலும், நீதி விலைக்குரியது என்னும் எண்ணத்தை ஓப்ரியின் மனத்தில் நிலைநாட்டிவிட்டது. கெட்டது தீர்ப்பன்று, நம்பிக்கை.

வழக்கம் என்பதும் தக்க விடையாகாது. வழக்கத்தைப் பின்பற்றுதல் சாமானியர்க்குப் பொறுக்கத்தக்க பிழையாகலாம். உயர்பதவியிலிருப்போர் வாங்கும் கைக்கூலியின் தீமையைப் பற்றித் தம் கட்டுரைகளிலே தெளிவுற எழுதியவர் பேக்கன். அறியாமையாற் செய்தார் எனக் கூறும் வாய்ப்பு அவர்க்கு இல்லை.

எஞ்சிய ஐந்தாண்டுகளைப் பேக்கன் எழுத்துப்பணியிற் கழித்தார். ஏழாம் ஹென்றியின் வரலாறு 1622இலும், கட்டுரைகளின் விரிந்த பதிப்பு 1625இலும் வெளிவந்தன. 1626ஆம் ஆண்டு சித்திரை 9ஆம் நாள் பெருங்கடனோடு இறந்தார். 1660இல் தோன்றிய அரச கழகத்தார் அவரைத் தம் வழிகாட்டியெனப் போற்றினர். ஆசிரியர் என்ற முறையில் அவர் புகழ் மங்கவில்லை. நீதிபதி என்ற முறையில் அது மீளவுமில்லை. கோக்கும் குறையற்றவரல்லர். 1603இல் இறாலியின்மீது வழக்குரைத்தபோது அவர் காட்டிய கொடுமையும், 1617இல் மன்னனின் தயவை மீளப் பெறுதற்காகத் தம் மகளை அவள் விருப்பத்துக்கு மாறாக மணஞ்செய்வித்தமையும் அவர்க்கு இழுக்கே. ஆயினும் நீதியிருக்கையில் அவர் வளைந்திலர். 1628ஆம் ஆண்டு உரிமை விண்ணப்பத்தை முன்னின்று நடத்தும் தகுதியை அவர்க்கு ஈந்தது அந்த உறுதியே.

பேக்கனின் வீழ்ச்சியால் நாடு கற்ற பாடம் உடனே பயன் தரவில்லை. 1701ஆம் ஆண்டு முடியுரிமைச் சட்டமே, நன்னடத்தை உள்ளவரை நீதிபதிகள் பதவி வகிப்பர் என்றும், அவர்தம் வேதனம் வரையறுக்கப்படும் என்றும் விதித்தது. அறத்தை எதிர்பார்க்கும் நாடு அதற்கேற்ற ஊதியத்தையும் பாதுகாப்பையும் அளித்தல் வேண்டும் என்பது இதனாற் பெறப்படும். 1923இல் ஹியூவாட் பிரபு இன்னொரு படி முன்சென்றார். ஒரு வழக்கில், ஒரு தரப்பாரின் சட்டநிலையத்தோடு தொடர்புடைய எழுதுவினைஞர் நீதவான்களுடன் தனியறைக்குச் சென்றிருந்தார். நீதவான்கள் அவரோடு கலந்தாலோசிக்கவில்லை எனினும் தீர்ப்புத் தள்ளப்பட்டது. நீதி செய்யப்பட்டால் மட்டும் போதாது, செய்யப்படுவது ஐயமின்றிக் கண்கூடாகவும் வேண்டும் என்பது அன்று வகுத்த நெறி. 1801ஆம் ஆண்டுச் சாசனத்தால் உயர்நீதிமன்றம் பெற்ற இலங்கையிலும் இந்நெறி வேரூன்றியது.

இந்நெறி நீதிபதிக்கு மட்டும் உரியதன்று. விடைத்தாளைத் திருத்தும் ஆசிரியர், மருந்தெழுதும் வைத்தியர், பொதுப்பணத்தைக் காக்கும் எழுதுவினைஞர் ஆகிய யாவரும் பிறர் நம்பிக்கையை மூலதனமாகக் கொண்டே தொழில் நடத்துகின்றனர். மாணவனின் பெற்றோரிடம் பரிசு பெற்ற ஆசிரியர் நேர்மையாகவே புள்ளியிடலாம். ஆனால் வகுப்பிலுள்ள ஏனைய மாணவர் அதனை நம்பார். அவர்கள் நம்பாதவழி, அப்புள்ளிக்கு மதிப்பில்லை. ஆற்றல் ஒருவரைப் பதவியில் ஏற்றும். அப்பதவியில் அவரை நிலைபெறுத்துவது, அவர் கையிலிருந்து தோல்வியைப் பெற்றுச் செல்பவனும் அவர்மீது கொண்டுள்ள நம்பிக்கையே.