அடிபட்ட பந்துக்கு மவுசு

பி.காம். படித்தவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. எந்தப் பொருளைப் பார்த்தாலும், ‘தேய்மானம் போக இதில் என்ன தேறும்?’ என்று மனசு தானாகக் கணக்குப் போடும். எனக்கும் உண்டு. அந்தக் கணக்கையே தலைகீழாக்கிய ஒரு சமாசாரத்தை இந்த வாரம் சொல்கிறேன். கோல்ஃப் பந்து!

ஸ்காட்லாந்தில் செயின்ட் ஆண்ட்ரூஸ் என்று ஒரு கடலோர ஊர். 1840-களில் அங்கே ஆலன் ராபர்ட்சன்தான் ராஜா. ஆட்டத்திலும் சரி, பந்து வியாபாரத்திலும் சரி. அவர் பட்டறையில் செய்தது இறகுப் பந்து. ஒரு தொப்பி நிறைய இறகை வேகவைத்து, குட்டியூண்டு தோல் உறைக்குள் திணித்துத் தைக்கவேண்டும். ஒருவர் நாள் முழுக்க முதுகு ஒடிய உழைத்தால் மூன்று, நான்கு பந்து தேறும். 1844-ல் ராபர்ட்சன் கடை செய்த பந்துகள் 2,456. விலை? யானை விலை. ஆனால் மழையில் நனைந்தால் ஊறிப்போகும். நாலு அடி ஏடாகூடமாக விழுந்தால் தையல் பிரிந்துவிடும். கிழிந்ததைத் தூக்கிப் போட்டுவிட்டு மறுபடி ராபர்ட்சனிடமே வந்தாகவேண்டும். பிழைப்பே அதில்தான்!

1848 வாக்கில் வந்தது வினை. பெயர், கட்டா பெர்ச்சா. மலாயாக் காட்டு மரத்தின் பால். வெந்நீரில் போட்டால் பிசைந்த மாவு, ஆறினால் கல். இதில் செய்த பந்து விலை மலிவு. அதுகூடப் பரவாயில்லை. அடிவாங்கிக் கோணிப்போன பழைய பந்தை மறுபடி வெந்நீரில் போட்டு அச்சில் அழுத்தினால், திரும்பவும் பந்து. அதாவது பழசுக்கும் ஒரு விலை வந்துவிட்டது.

ராபர்ட்சனுக்குப் பகீரென்றது. புதரில் தொலைந்த புதுரகப் பந்துகளைப் பொறுக்கி வரும் பையன்களுக்குக் காசு கொடுத்து வாங்கினார். விற்கவா? அடுப்பில் போட்டு எரிக்க! கோல்ஃப் உலகில் பிரசித்தமான கதை இது.

அவர் பட்டறையில் டாம் மாரிஸ் என்று ஒரு வேலையாள். தொழிலில் சிஷ்யன், ஆட்டத்தில் ஜோடி. ‘கட்டா பந்தைத் தொடவே மாட்டேன்’ என்று வாக்குக் கொடுத்திருந்தவர். ஒருநாள் ஆட்டத்தின் நடுவே கையிருப்புப் பந்தெல்லாம் தீர்ந்துபோக, கூட ஆடியவரிடம் ஒரு கட்டா பந்தைக் கடன் வாங்கி அடித்தார். விஷயம் ராபர்ட்சன் காதுக்குப் போனது. வாய்த்தகராறு முற்றி இருவரும் பிரிந்தார்கள். மாரிஸ் 1851-ல் பிரெஸ்ட்விக் ஊருக்கு மைதானக் காப்பாளராகப் போய்விட்டார். ஒரு இரவல் பந்து செய்த வேலையைப் பாருங்கள்!

இதற்குள் ஆடுபவர்கள் ஒரு விசித்திரத்தைக் கவனித்திருந்தார்கள். வழவழவென்ற புதுப் பந்து கொஞ்சதூரம் பறந்து குப்புற விழுகிறது. அடிபட்டு வடுவிழுந்த பழைய பந்தோ நேராகப் போகிறது! காற்றுக்கு அந்த வடுதான் பிடிமானம். அப்புறமென்ன, புதுப் பந்தைச் சுத்தியலால் தட்டி, வடு போட்டே விற்க ஆரம்பித்தார்கள். என் தேய்மானக் கணக்கு அம்பேல்.

ராபர்ட்சனும் கடைசியில் இறங்கி வந்தார். 1858-ல், செயின்ட் ஆண்ட்ரூஸில் முதல்முறையாக 80-க்குக் கீழே, 79 அடியில் ஆட்டத்தை முடித்தார். மறுவருடம் காலமாகிவிட்டார்.

புதரில் பந்து பொறுக்கி விற்பது கேடிகளின் உபரி வருமானமானது. (நம்ம ஊர் கேடி இல்லை சார், மட்டைப் பை தூக்குபவர்!) விற்கலாம், சரி. ஆனால் தொலைந்த பந்து யாருடையது? தொலைத்தவர் ‘போனால் போகட்டும்’ என்று போய்விட்டாரே?

1948-ல் இது இங்கிலாந்து உயர் நீதிமன்றம்வரை போனது. ஒரு கிளப் மைதானத்தில் அத்துமீறி நுழைந்த ஆசாமி, எட்டே எட்டுப் பந்தை எடுத்திருந்தார். ஆடியவர்கள் கைவிட்ட பந்துதானே என்ற வாதம் எடுபடவில்லை. மைதானத்தில் கிடப்பது கிளப்புக்குச் சேர்ந்தது, எடுத்தது திருட்டுதான் என்று தீர்ப்பு.

கிளப்புகளுக்கு இதில் காசு இருக்கிறது. மைதானத்துக் குட்டையைப் பல கிளப்புகள் குத்தகைக்கு விடுகின்றன. குத்தகைக்காரர் முக்குளித்துப் பந்தை அள்ளி, கழுவி, தரம் பிரித்து விற்பார். யாராவது பேனாவால் பெயர் எழுதியிருந்தால் விலை குறையும். குத்தகை இல்லாமல் இறங்கினால் வம்பு. 2002-ல் இங்கிலாந்தின் லெஸ்டர் பக்கம் ராத்திரியில் குட்டைக்குள் இறங்கிய ஒருவருக்கு ஆறு மாதச் சிறை என்றார்கள். கோல்ஃப் ஆடுகிறவர்களே கொதித்துப்போனார்கள். மேல்முறையீட்டில் மனிதர் வெளியே வந்துவிட்டார்.